கயிற்றில் அலை இல்லை

பாம்பன் ஹெலனின் முகம் ஒரு வருஷமாக ஊரார் போனில் ஸ்டிக்கராகக் கிடந்தது. குப்புற விழுந்து, மோவாய் மண்ணில் ஊன்றி, வாய் பிளந்து, கை இரண்டையும் முன்னால் நீட்டி, தரையில் நீச்சலடிக்கிறவளைப் போல ஒரு கோலம். மீன் விலை இறங்கினால் அந்த ஸ்டிக்கர். கரண்ட் போனால் அந்த ஸ்டிக்கர். கிரிக்கெட்டில் தோற்றால் அதே ஸ்டிக்கர். ஹெலனின் புருஷன் வில்பிரட்டே ஒருநாள் மதியச் சாப்பாடு என்ன என்று கேட்க வந்து, கை தவறி அதை அவளுக்கே அனுப்பிவிட்டான். அன்றைக்கு வீட்டில் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

நடந்தது இதுதான். அந்தோணியார் திருவிழாவில் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. பாம்பன் ஒரு பக்கம், அக்காள்மடம் ஒரு பக்கம். கயிற்றை இடுப்பில் சுற்றி வாங்கிக்கொண்டு கடைசியில் நிற்கிறவளுக்கு நங்கூரம் என்று பேர். அவள் நின்றால் அணி நிற்கும், அவள் நகர்ந்தால் கதை முடிந்தது. அக்காள்மடத்து நங்கூரம் லூர்து மேரி, அங்கே மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவள். பாம்பனின் நங்கூரம் நம் ஹெலன். வருஷா வருஷம் பாம்பன்தான் தோற்கும் என்றாலும் சென்ற வருஷம் அடைந்த கேவலத்தை எந்த வருஷமும் அடைந்ததில்லை. லூர்து மேரி பின்னால் சாய்ந்து ஒரு இழு இழுத்தாள். பாம்பன் அணி மொத்தமும் தத்தித் தத்தி முன்னால் ஓடி, முடிவில் ஹெலன் விழுந்து, அதை எவனோ போனில் பிடித்துவிட்டான்.

விழுந்ததுகூட ஹெலனுக்குப் பெரிசில்லை. ஏன் விழுந்தோம் என்று புரியாததுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. கருவாட்டு மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிறவள் அவள். அவளைப் பெற்ற அய்யா சூசைமுத்து கரைவலை போடும் நாளெல்லாம் கடற்கரையில் ஆம்பளைகளோடு வரிசையில் நின்று வலை இழுக்கிறவள். பிறந்ததிலிருந்து கயிறு பிடித்த கை. லூர்து மேரியோ பால் கேனுக்கு மேல் எதையும் தூக்கி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளிடம் எப்படித் தோற்கிறோம்? இந்தக் கேள்விக்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை, ஸ்டிக்கர்தான் இருந்தது.

அணிக்குக் கேப்டன் பிரெசில்லா. வில்பிரட்டின் அக்கா, அதாவது ஹெலனுக்கு நாத்தனார். ஆகவே பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

"ஒன் எடத்துல வேற ஆளைப் போடணும்னு எல்லாருமே சொல்லுறாளுக. நான்தான் இன்னொரு தடவ பாப்போம்னு அடக்கி வச்சிருக்கேன். வர்ற திருவிழாவுலயும் நீ விட்டேன்னா, அதோட சரி. மோர்ப்பந்தல்ல நின்னு மோர் ஊத்து. கயித்துப் பக்கம் வரப்பிடாது."

மோர் ஊற்றுவது ஒன்றும் இழிவில்லை. ஆனால் அந்தக் கயிற்றின் கடைசியில் நிற்கும் சில நிமிஷம்தான் ஹெலன் யாருக்கும் பொண்டாட்டியாக இல்லாமல், யாருக்கும் மகளாக இல்லாமல், கருவாட்டு நாற்றம் பற்றிய நினைப்பும் இல்லாமல் வெறும் ஹெலனாக நிற்பாள். ஊரே அவள் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மோர்ச் சட்டிக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"ஜிம்முக்குப் போகப் போறேன் மதினி," என்றாள் ஹெலன்.

இப்படி வாய் திறந்ததுதான் தாமதம், ஊரே வாத்தியாராகிவிட்டது. ரீசார்ஜ் கடை காஜா நவாஸ், பவுடர் குடிக்காமல் ஜிம்முக்குப் போவது பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்டுவது என்றான். பக்கத்து வீட்டுக்காரி மீசை முளைக்கும் என்று பயமுறுத்தினாள். சோற்றை நிறுத்து என்றாள் ஒருத்தி, சோற்றை மட்டும் தின் என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றுக்கும் மேலே ஹெலனின் கொழுந்தன் ஆன்டனி ராஜ். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாசம் ஜிம்முக்குப் போனவன். அப்போது எடுத்த போட்டோவை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான், வயிறு மட்டும் போட்டோவை விட்டு வெளியே வந்து வருஷங்கள் ஆகின்றன.

"வலிக்கணும் மதினி. வலிக்கலேன்னா ஏறலேன்னு அர்த்தம். மொத நாளே இருக்குறதுலயே பெரிய வெயிட்டாப் பாத்துத் தூக்கிருங்க. ஒடம்பு பயந்துபோயி அதுவா வளரும்."

இந்த ஒரு வார்த்தை ஹெலனுக்குத் தேனாக இனித்தது. அவளுக்குப் பிடித்த வழியும் அதுதான்.

ஜிம் எங்கே இருந்தது என்பதில்தான் விதி விளையாடியது. அக்காள்மடத்தில், மெயின் ரோட்டில், ஒரு மாடியில். கீழே லூர்து மேரியின் டீக்கடை. காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும். சொல்லித்தர சிநேகா என்று ஒரு பெண், முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம், மிளகாய் விவசாயக் குடும்பம். கல்லூரியில் படிக்கும்போது பளுதூக்கி மெடல் வாங்கியவள். வயசில் ஹெலனுக்குத் தங்கச்சியாக இருக்கலாம்.

முதல் நாள் சிநேகா வர நேரமாகிவிட்டது. ஹெலனுக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை. சுவரோரம் சாத்தியிருந்ததில் ஆகப் பெரிய இரும்புத் தட்டு இரண்டைக் கம்பியில் கோத்தாள். அந்தோணியாரை வேண்டிக்கொண்டு குனிந்தாள். மூட்டை தூக்குகிற வேகத்தில் வெடுக்கென்று தூக்கினாள். கம்பி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது! "வந்துருச்சு!" என்று அவள் கத்தியபோது முதுகில் ஏதோ சுளுக்கென்றது. கம்பி கீழே போய்விட்டது. ஹெலன் மட்டும் குனிந்தபடியே நின்றாள்.

கையைச் சுவரில் ஊன்றி அவள் படியிறங்குவதை லூர்து மேரி டீ ஆற்றிக்கொண்டே பார்த்தாள். "என்ன ஹெலன், கீழ எதையாச்சும் தவற விட்டுட்டியா? தேடித் தரவா?"

அந்நேரம் பார்த்து ஸ்கூட்டியில் வந்து இறங்கிய சிநேகா, ஹெலனைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"யாருக்கா இப்புடித் தூக்கச் சொன்னது?"

"ஊரே சொல்லுச்சு."

"அப்ப ஊரே வந்து தூக்கட்டும். நீங்க மொதல்ல டாக்டர்ட்ட காட்டிட்டு, வலி போனதும் வாங்க. வலியோட வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிருவேன்."

டாக்டர் சதைப் பிடிப்புதான் என்றார். வலி போய், ஹெலன் திரும்பி வந்தபோது, சிநேகா அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பைப்பைக் கொடுத்தாள். வீட்டுக்குத் தண்ணி லைன் இழுக்கிற வெள்ளைப் பைப்.

ஹெலனுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "என்ன புள்ள இது? கருவாட்டு மூட்டை தூக்குறவ நானு. இதைத் தூக்கவா பஸ் ஏறி வாரேன்?"

"மூட்டை தூக்குறீங்க, சரி. சாயங்காலம் முதுகு வலிக்குமா, வலிக்காதா?"

ஹெலன் முதுகைத் தடவிக்கொண்டாள். வலிக்காத சாயங்காலம் ஒன்றை அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"முதுகால தூக்குறீங்க, அதான். இடுப்பும் காலும் சும்மா வேடிக்கை பாக்குது. இப்ப ரெண்டு கையிலயும் மீன் கூடை இருக்கு. பின்னால கதவு தொறந்து கெடக்கு. எப்புடிச் சாத்துவீங்க?"

ஹெலன் யோசிக்காமல் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளினாள். தினமும் செய்கிற வேலைதானே.

"அதுதாங்கா! அப்புடியே நில்லுங்க! முதுகு நேரா இருக்கா? பைப்பு காலை ஒட்டி இருக்கா? இப்ப தரையைக் காலால மிதிச்சுத் தள்ளி எந்திரிங்க."

ஹெலன் எழுந்தாள். பைப்பில் எடை என்று ஒன்றும் இல்லை. ஆனால் தொடையின் பின்பக்கம் யாரோ எழுப்பிவிட்டதுபோல் விழித்துக்கொண்டது. இத்தனை வருஷம் இந்தச் சதை எங்கே போயிருந்தது என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏ, இங்கன ஒண்ணு இழுக்குது புள்ள!" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து ஹெலனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கதவு, அலமாரி, ஐஸ் பெட்டி என்று எதைக் கண்டாலும் பின்பக்கத்தால் சாத்தினாள். தினமும் வாரேன் என்று அடம்பிடித்தவளை, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்று சிநேகா அடக்கினாள்.

"பலம் இங்கன ஏறாதுக்கா. இங்கன சொல்லிட்டு மட்டும்தான் போறோம். வீட்டுல சாப்புட்டுத் தூங்கும்போதுதான் ஒடம்பு அதைக் கேக்கும்."

பவுடரைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தாள். "பாம்பன்ல இருந்துக்கிட்டு பவுடரா? வீட்டுல ஆக்குற மீனை எல்லாருக்கும் வச்சுட்டு, நீங்க வெறும் குழம்பை ஊத்திச் சாப்புடுறீங்கள்ல? அதை நிறுத்துங்க போதும்."

இது எப்படி இவளுக்குத் தெரியும் என்று ஹெலன் திகைத்தாள். அன்று மதியம் சாளை மீனில் பெரிசு பெரிசாகப் பார்த்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். வில்பிரட் சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்ததைப் போட்டுச் சாப்பிட்டு எழுந்தான்.

பைப்புக்குப் பிறகு வெறும் கம்பி. கம்பிக்குப் பிறகு பிஸ்கட் மாதிரிச் சின்னத் தட்டு. இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம் என்று உடம்பு கெஞ்சும்போதே நிறுத்தச் சொல்வாள் சிநேகா. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டதுபோல ஹெலனுக்கு எரிச்சலாக வரும். ஆனால் அடுத்த தடவை வரும்போது பழைய எடை லேசாகியிருக்கும். ஒருநாள், முதுகைச் சுளுக்கிய அதே பெரிய தட்டு இரண்டையும் கோத்து, "இப்பத் தூக்குங்கக்கா," என்றாள். ஹெலன் கதவைச் சாத்தினாள், தரையை மிதித்தாள், நிமிர்ந்தாள். கம்பி அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு சொன்ன பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. சன்னலுக்கு ஓடிப்போய், "லூர்தூ! தூக்கிட்டேண்டி!" என்று கீழே கத்தினாள்.

"தூக்கு தூக்கு. திருவிழாவுல நான் எறக்கிவிடுறேன்," என்று பதில் வந்தது.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் சரியாகவில்லை. உட்கார்ந்தபடி கேபிளை வயிற்றுக்கு இழுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. கயிறு இழுக்கிற போட்டிக்கு இதுதான் முக்கியம் என்று சிநேகா அதில் அவளை உட்காரவைப்பாள். ஹெலன் அருமையாக இழுப்பாள். ஆனால் கேபிள் திரும்பிப் போகும்போது கையும் தோளும் அதோடு சேர்ந்து ஓடிவிடும். பின்னால் இரும்பு அடுக்கு டமாரென்று விழும். ஒவ்வொரு டமாருக்கும் கீழே டீக்கடையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும்.

"ஏ ஹெலன்! என் பாலு மேல விழுகுதுடி!" என்று லூர்து மேரி கத்துவாள்.

"இழுக்குறது பாதி வேலைதாங்கா," என்பாள் சிநேகா. "அது திரும்பிப் போறப்பயும் ஒங்க பிடியிலதான் போகணும். ஏன் விட்டுருறீங்க?"

"நான் எங்க விட்டேன்?"

சிநேகா போனில் எடுத்துக் காட்டினாள். கேபிள் இழுத்த மறு நொடி, ஹெலனின் உடம்பு முழுக்க முன்னால் குனிந்து அதற்கு வழிவிட்டது. யாரோ கட்டளை போட்ட மாதிரி. ஹெலன் எத்தனை முயன்றும் அதை நிறுத்த முடியவில்லை. தெரிந்து செய்தால்தானே நிறுத்துவதற்கு. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் ஓய்வெடுக்க, சூசைமுத்து தெற்குவாடிக் கடற்கரையில் கரைவலை போட்டார். கடலுக்குள் வளைத்து விட்ட வலையைக் கரையில் நின்று இரு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கிற வேலை. ஹெலனும் பிரெசில்லாவும் ஒரு பக்கத்து வரிசையில் நின்றார்கள். கடல் அன்றைக்குக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. சூசைமுத்து வழக்கம்போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அவள் பிறந்த நாளிலிருந்து கேட்டுவரும் அதே பாட்டைப் பாடினார்.

"குடுத்து வாங்கு! ஏலே, அலைகூட மல்லுக்கட்டாத, வலை கிழிஞ்சுரும்! இழுத்தா குடு! திரும்பி வரும், அப்ப வாங்கு!"

அலை பின்வாங்கிக் கயிறு விறைத்தது. ஹெலனின் கை தளர்ந்தது, கால் ஒரு எட்டு முன்னால் போனது. அலை கரைக்குத் திரும்பியது. கயிறு தொய்ந்தது. வரிசை மொத்தமும் பின்னால் சாய்ந்து இழுத்தது. மறுபடியும் அலை இழுத்தது. மறுபடியும் கை தளர்ந்தது, கால் ஒரு எட்டு...

ஹெலன் தன் காலைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பிரெசில்லாவின் காலைப் பார்த்தாள். அதற்கு முன்னால் நின்ற காலைப் பார்த்தாள். எல்லாக் காலும் ஒன்றாக முன்னால் போய், ஒன்றாகப் பின்னால் வந்தன. பாம்பன் அணியில் இருப்பவர்கள் எல்லாரும் வலை இழுக்கிற வீட்டுப் பெண்கள்தானே!

"அய்யோ, மாதாவே!" என்று அலறிக் கயிற்றை விட்டாள் ஹெலன். "மதினி! லூர்து மேரி அலை இல்ல மதினி!"

பிரெசில்லா பயந்துபோனாள். "என்னடி ஒளறுற? வெயிலு தாக்கிருச்சா?"

"நம்ம குடுக்குறோம் மதினி! அவ இழுத்த ஒடனே நம்ம அத்தன பேரும் குடுக்குறோம், திரும்பி வரும்னு! அலைன்னா வரும். லூர்து மேரி எங்க திருப்பிக் குடுப்பா? வாங்குனவ வாங்குனவதான்!"

சூசைமுத்துவுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் சொல்லிக்குடுத்தது தப்புன்னு சொல்லுறியாக்கும்?"

"கடலுக்கு அதான் சரிய்யா. அக்காள்மடத்துக்காரிக்குச் சரியில்ல."

அதற்குமேல் அவளால் கடற்கரையில் நிற்க முடியவில்லை. நனைந்த சேலையோடு பஸ் ஏறினாள். டீக்கடையைத் தாண்டி இரண்டிரண்டு படியாக ஏறிப் போய், மூச்சு வாங்க வாங்கச் சிநேகாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சிநேகா வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதை எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கலைக்கா! நான் ஒங்க தோள்ல பெலம் இல்லைன்னுல்ல நெனச்சேன். சரி, உக்காருங்க. இழுங்க. இப்ப அது திரும்பிப் போறப்ப மனசுக்குள்ள என்ன சொல்லணும்?"

"அலை இல்ல," என்றாள் ஹெலன்.

இழுத்தாள். கேபிள் திரும்ப இழுத்தது. "அலை இல்ல, அலை இல்ல," என்று முணுமுணுத்தபடி பல்லைக் கடித்தாள். முதுகு நிமிர்ந்தே இருந்தது. கை அங்குலம் அங்குலமாகத்தான் விட்டது. இரும்பு அடுக்கு சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. சிநேகா கைதட்டினாள். ஹெலன் மறுபடி இழுத்தாள், மறுபடி சத்தமில்லாமல் அனுப்பினாள். அவள் கீழே இறங்கி வந்தபோது லூர்து மேரி ஆச்சரியமாகக் கேட்டாள்.

"எப்ப வந்த? மேல சத்தமே இல்லையே, இன்னைக்கு ஒண்ணும் செய்யலையா?"

"இல்ல லூர்து, சும்மா உக்காந்திருந்தேன்," என்றாள் ஹெலன். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அந்த மெஷினில்கூடப் பட்டதில்லை.

ஆனால் பிரெசில்லாவை நம்பவைக்க வேண்டுமே. மறுநாள் சாயங்காலம் ஹெலன் அணியைக் கடற்கரைக்கு இழுத்து வந்தாள். கயிற்றின் ஒரு முனையை ஆன்டனி ராஜிடமும் அவன் கூட்டாளிகளிடமும் கொடுத்து, மறுமுனையில் அணியை நிறுத்தி, பிரெசில்லாவை மட்டும் ஓரமாக நின்று பார்க்கச் சொன்னாள். ஆண்கள் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார்கள். அத்தனை பெண்களும் சொல்லிவைத்தாற்போல ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டு, கயிறு தொய்யும் என்று காத்து நின்றார்கள். பிரெசில்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவிகளா! வருஷக்கணக்கா இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தோமா!"

பிறகு திருவிழா வரைக்கும் கடற்கரை இரண்டுபட்டது. சிநேகாவே ஒருநாள் வந்து, குதிகாலை மண்ணில் எப்படிப் புதைப்பது, எப்படிச் சாய்ந்து அசையாமல் நிற்பது என்று காட்டிவிட்டுப் போனாள். அவள் சொன்னது ரொம்பக் கொஞ்சம்தான். அவங்க இழுக்கும்போது நீங்க இழுக்காதீங்க, நில்லுங்க. அவங்க மூச்சு விடும்போது இழுங்க. ஆனாலும் பழகின உடம்பு லேசில் கேட்குமா? பத்துத் தடவையில் பாதித் தடவை யாராவது ஒருத்தி கொடுத்துவிடுவாள். ஹெலன் தூக்கத்தில்கூட "அலை இல்ல" என்று பிதற்றுவதாக வில்பிரட் எல்லாரிடமும் முறையிட்டான்.

திருவிழா அன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஹெலன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டாள். எதிர் முனையில் லூர்து மேரி அதேபோலச் சுற்றிக்கொண்டு, இங்கிருந்தே தெரியும்படி சிரித்தாள். கூட்டத்தில் எவனோ கையில் போனை உயர்த்தி அந்த ஸ்டிக்கரைக் காட்டினான். மோர்ப்பந்தல் ஹெலனின் கண்ணுக்கு நேரே இருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய அந்த மோர்ப் பானையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தொண்டை வறண்டது.

முதல் ஆட்டத்தில் விசில் சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. லூர்து மேரி இழுத்தாள். பாம்பன் கொடுத்தது. அவ்வளவுதான், துணி போய்விட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. பிரெசில்லா திரும்பி ஹெலனை ஒரு பார்வை பார்த்தாள். ஹெலனுக்கு அழுகை வந்தது. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். இனி ஒன்று போனாலும் மோர்தான்.

இரண்டாவது விசிலுக்கு முன்னால் அவள் குதிகாலை மண்ணுக்குள் அறைந்தாள். கதவைச் சாத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏய்! அலை இல்லடி!"

"அலை இல்ல!" என்றார்கள் முன்னால் நின்றவர்கள்.

லூர்து மேரி இழுத்தாள். கயிறு முறுக்கி முனகியது. பாம்பன் பக்கத்தில் ஒரு காலும் எழவில்லை. அக்காள்மடத்துக்காரிகள் மறுபடி வெட்டி இழுத்தார்கள். இத்தனை வருஷம் கேட்டதும் கிடைத்த கயிறு இன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் முகத்தில் குழப்பம் தெரிந்தது. ஒருத்தி மூச்சு விட்டாள். "இப்ப வாங்கு!" என்றாள் ஹெலன். வாங்கினார்கள்! துணி இந்தப் பக்கம் வந்தது. வாங்கியதைக் கொடுக்காமல் நின்றார்கள். மறுபடி வாங்கினார்கள். மைதானத்தில் ஒரு பேரிரைச்சல். சூசைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரம் ஓடிவந்து, "குடுக்காதீங்கடி! குடுக்கவே குடுக்காதீங்க!" என்று கத்தினார். அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததைப் பாம்பன் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கடைசி ஆட்டம் நெடுநேரம் நடந்தது. இரண்டு பக்கமும் துணியை நகர்த்த முடியவில்லை. ஹெலனின் தொடை நடுங்கியது, உள்ளங்கை எரிந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் சிநேகா நின்றாள். அவள் பயிற்சி கொடுக்கிற ஜிம் அக்காள்மடத்தில், அவள் மாணவி பாம்பனில். யாருக்கென்று கத்துவாள் பாவம்? வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். ஹெலன் அவளைப் பார்த்தாள். இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம் என்று இருக்கும்போதே நிறுத்தச் சொன்ன அந்த ரெண்டு தடவைகளெல்லாம் இத்தனை மாசமாக எங்கே போய்ச் சேர்ந்திருந்தனவோ, இப்போது ஒன்றுகூடி அவள் இடுப்புக்கு வந்தன. லூர்து மேரியின் கால் ஒரு கணம் வழுக்கியது.

"வாங்கு!"

வந்தது. கயிறு, துணி, அதன் பின்னால் அக்காள்மடத்து வரிசை, கடைசியில் லூர்து மேரி. குப்புற விழுந்து, மோவாய் மண்ணில் ஊன்றி, கை இரண்டையும் நீட்டி. பாம்பன் பெண்கள் கயிற்றை வீசிவிட்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். பிரெசில்லா ஹெலனின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். ஹெலன் மட்டும் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை நிதானமாக அவிழ்த்து, சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் குதிக்க ஆரம்பித்தாள். அதன்பிறகு அவளை நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை போன் டிங்கென்றது. குடும்பக் குழுவில் ஆன்டனி ராஜ் ஒரு புது ஸ்டிக்கரைப் போட்டிருந்தான். மண்ணில் நீச்சலடிக்கும் லூர்து மேரி. "மதினி, ஒங்களுக்கு விடுதலை! இனிமே ஊரெல்லாம் இதுதான்!" ஹெலன் பார்த்ததும் குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்து முடிக்கும்போது பல்லிடுக்கில் போன வருஷத்து மண் ருசி வந்தது.

"ஏலே, அதை அழி," என்று கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "வேற யாருக்கும் போச்சுன்னு தெரிஞ்சுச்சு, ஒன் ஜிம் போட்டோவை நான் ஸ்டிக்கராப் போட்டுருவேன்."

பிறகு லூர்து மேரிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"லூர்து, ஹெலன் பேசுறேன். ஏன் விழுந்தோம்னு யோசிச்சு மண்டையை ஒடைச்சுக்கிட்டு இருப்ப. எனக்குத் தெரியும், நானும் ஒரு வருஷம் ஒடைச்சிருக்கேன். திங்கக்கெழம பத்து மணிக்குக் கடையை வீட்டுக்காரர்ட்ட விட்டுட்டு மேல ஏறி வா. ஊரு சொல்லுறதை எதையும் கேக்காத. சிநேகா மொதல்ல ஒரு பைப்பைக் குடுப்பா. கோவப்படாத. வாங்கிக்க."